கருப்பைக்கு ஓய்வு உண்டு. கிருமிக்கு ஓய்வு இல்லை

(நமது சங்கத்தின் மகளிர் பிரிவு மும்பையில் நடத்திய உடல்நலக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற செவிலியரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)

 

இன்றைய கூட்டத்துக்கு அச்சடித்த துண்டறிக்கையில் 'முதிய பெண்களும் எய்ட்ஸ் தடுப்பும்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நான்கைந்து பேர் என்னிடம் கேட்டார்கள்: "ஏன் அக்கா, ரேஷன் கார்டைப் பற்றிப் பேசலாம், குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசலாம், குடிசையை இடித்தால் வீடு எங்கே கொடுப்பான் என்று பேசலாம். பேரன் பேத்தி எடுத்த கிழவிகளிடம் போய் இதையா பேசுவது?" என்று. (சிரிப்பு)

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். எனக்கு 63 வயது. நானும் பேரன் எடுத்தவள்தான். மாநகராட்சி மருத்துவமனையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள். பேசக் கூச்சப்பட்ட காரணத்தினாலேயே செத்துப்போன பெண்களை அந்த 31 ஆண்டுகளில் பார்த்திருக்கிறேன். ஆகவே கூச்சத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வந்துதான் பேசுகிறேன். நீங்களும் அப்படியே கேட்க வேண்டுகிறேன்.

இது யாருடைய நோய்?

இந்தக் கிருமி இந்தியாவிலே முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது எங்கே தெரியுமா? நம்முடைய சென்னையில்தான். ஆண்டு 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரும், அவரிடம் படித்த நிர்மலா என்ற மாணவியும்தான் கண்டுபிடித்தார்கள். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்து, சோதனைக்காக ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப்போனார் அந்த மாணவி. ஆறு பேருடைய ரத்தத்தில் கிருமி இருந்தது.

அன்றைக்கு என்ன சொன்னார்கள்? 'அது அந்த மாதிரிப் பெண்களுக்கு வருகிற நோய்' என்றார்கள். பிறகு 'லாரி ஓட்டுகிறவர்களுக்கு வருகிற நோய்' என்றார்கள். 'பம்பாய்க்குப் போய் வருகிறவர்களுக்கு வருகிற நோய்' என்று நம்மையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் நோய் அடுத்த வீட்டுக்காரனுடையதாகத்தான் இருந்தது. ஆனால், கணவனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்களிடம் அது வந்து சேர்ந்தது. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த பி. கௌசல்யா என்பவர் அப்படிக் கணவர் மூலமாகக் கிருமியைப் பெற்றவர். அவர் ஒளிந்துகொள்ளவில்லை. கிருமியோடு வாழும் பெண்களுக்கென்றே 1998-இல் சென்னையில் ஓர் அமைப்பைத் தொடங்கி, பெயரையும் முகத்தையும் காட்டிப் பேசினார்.

இன்றைக்கு இந்திய அரசின் கணக்குப்படி சுமார் 25 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்கிறார்கள். ஐந்து பேரில் இருவருக்கு மேல் பெண்கள். மாநிலவாரியாகப் பார்த்தால், எண்ணிக்கையில் முதலில் நிற்பது நாம் பிழைக்க வந்திருக்கிற இந்த மகாராஷ்டிரம். முன்பு இருந்த வேகம் இன்று இல்லை. புதிதாக வருவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. குறைந்திருக்கிறதே தவிர, ஒழிந்துவிடவில்லை.

நம்மை எண்ணாத கணக்கு

இங்கே இருக்கிறவர்களில் 50 வயதைத் தாண்டியவர்கள்தாம் அதிகம். உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். உங்களில் எத்தனை பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டீர்கள்? கை தூக்க வேண்டாம், மனதுக்குள்ளே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் செய்துகொண்டிருக்க மாட்டீர்கள். ஏன்? இந்த நாட்டில் ஒரு பெண்ணுக்கு இந்தச் சோதனை எப்போது நடக்கிறது என்றால், அவள் கர்ப்பமாக இருக்கும்போது நடக்கிறது. நம்முடைய மகள்களுக்கும் மருமகள்களுக்கும் செய்தார்கள். ஆனால் நாம் பிள்ளை பெற்றது 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும். அப்போது கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனை வழக்கத்தில் இல்லை. வழக்கத்துக்கு வந்தபோது நாம் பிள்ளை பெறுவதை நிறுத்திவிட்டோம். ஆக, வாசல் திறந்தபோது நாம் வெளியே நின்றோம்!

இன்னொன்றையும் கேளுங்கள். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு என்று வீடு வீடாக வந்து கேட்கிறார்கள். 2019-21-இல் எடுத்த கணக்கெடுப்பில் பெண்களை எந்த வயது வரை கேட்டார்கள்? 15 முதல் 49 வரை. ஆண்களை? 15 முதல் 54 வரை. 2015-16-இல் எச்.ஐ.வி.க்காக ரத்தம் எடுத்தபோதும் அதே வயதுக் கணக்குதான். பெண் 49-இல் முடிந்துவிடுகிறாள், ஆண் இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறான்! (சிரிப்பு) கருப்பை வேலை செய்கிற வரைக்கும் பெண்ணைக் கணக்கில் வைக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் கணக்கிலே இல்லை. கணக்கிலே இல்லாதவளுக்கு யார் வந்து எச்சரிக்கை சொல்வார்கள்? நாமேதான் நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

உறைக்கு இரண்டு வேலை

ஆணுறையைப் பற்றி நமக்கு யார் சொன்னார்கள், என்னவென்று சொன்னார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். 1968-இல் அரசாங்கம் 'நிரோத்' என்று பெயர் வைத்து மலிவு விலையில் கொண்டுவந்தது. எதற்காக? பிள்ளை பிறக்காமல் இருப்பதற்காக. அன்றிலிருந்து அது நம் மனதில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாமானாகவே பதிந்துவிட்டது. இரண்டு பிள்ளை பெற்றதும் ஆபரேஷன் செய்துகொண்டோம். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிப்பேருக்கு மேல் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆபரேஷன் ஆன பிறகு உறை எதற்கு? மாதவிடாயும் நின்ற பிறகு உறை எதற்கு? அந்தக் கணக்குப்படி பார்த்தால் இது நியாயமான கேள்விதான்.

ஆனால் உறைக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, கருவைத் தடுப்பது. மற்றொன்று, கிருமியைத் தடுப்பது. முதல் வேலையை மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரண்டாவதைச் சொல்லாமல் விட்டார்கள். ஆபரேஷன் கருவைத்தான் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. மாதவிடாய் நின்றால் பிள்ளை வராது, நோய் வரும். இதை நீங்கள் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய் இன்னொரு பெண்ணுக்குச் சொன்னால் போதும், இன்றைய கூட்டம் வெற்றி பெற்றதாக நான் எடுத்துக்கொள்வேன்.

வயதானால் ஆபத்துக் குறையுமா என்றால், ஒரு வகையில் கூடவே செய்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் ஹார்மோன் குறைகிறது. அதனால் பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்துபோகிறது, ஈரப்பசை குறைகிறது. உறவின்போது எரிச்சலும் வலியும் உண்டாகி, கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் ஏற்படுகின்றன. கிருமி நுழைவதற்கு அந்தக் கீறல் போதும். 'வயசாச்சு, வலிக்கத்தான் செய்யும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறோமே, அந்த வலிக்கும் மருத்துவம் உண்டு. பெண் டாக்டரிடம் சொன்னால் மருந்து கொடுப்பார்.

கிழப்பருவம் என்று நினைத்த நோய்

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. பெயரும் ஊரும் வேண்டாம். இட்லி விற்றுப் பிழைத்தவர். 54-ஆம் வயதில் கணவரை இழந்தார். அடுத்த வருஷம் உடம்பு இளைத்தது. வாயில் வெள்ளையாகப் படர்ந்தது. இடுப்பிலே அக்கி வந்தது. அக்கிக்கு மந்திரித்துக் காவி எழுதினார்கள். தனியார் டாக்டர் ஒருவர் சர்க்கரை பார்த்தார், பிரஷர் பார்த்தார், சத்து ஊசி போட்டார். 'புருஷன் போன கவலை, வயசும் ஆகிறது' என்று சொல்லி அனுப்பினார். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. கடைசியில் காசநோய் என்று கண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போனார். காசநோய் வந்தவர்களுக்கு எச்.ஐ.வி. சோதனையும் செய்வது அங்கே வழக்கம். அங்கேதான் விஷயம் தெரிந்தது.

அதே அறிகுறிகளோடு 25 வயதுப் பையன் ஒருவன் போயிருந்தால், முதல் மாதமே சந்தேகப்பட்டிருப்பார்கள். சேலை கட்டி, விபூதி பூசி, நரைத்த தலையோடு ஓர் அம்மா போனதால் யாருக்கும் அந்த எண்ணமே வரவில்லை. மரியாதை கொடுத்துத்தான் கேட்காமல் இருந்தார்கள். அந்த மரியாதை அவருடைய உயிரையே வாங்கப் பார்த்தது. இன்றைக்கு அவர் மருந்து சாப்பிட்டுக்கொண்டு நல்ல திடமாக இருக்கிறார், இட்லியும் விற்கிறார். அவர் இட்லியை நானும் வாங்கித் தின்கிறேன்.

ஏன் இதைச் சொல்லுகிறேன் என்றால், சமைத்த உணவினால் இந்தக் கிருமி பரவாது. ஒரே தம்ளரில் குடிப்பதாலும், ஒரே கழிப்பறைக்குப் போவதாலும், கொசுக் கடிப்பதாலும், பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுவதாலும் பரவாது. உறையில்லாத உடலுறவினால் பரவும். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தினால் பரவும். சோதிக்காத ரத்தத்தை ஏற்றினால் பரவும். தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும்; அதைத் தடுக்கவும் மருந்து இருக்கிறது.

வீட்டிலே எப்படிப் பேசுவது?

நம்முடைய ஆண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்தவர்கள், குடும்பத்தை ஊரிலே விட்டுவிட்டு, ஒரே கோலியில் பத்துப்பேர் பன்னிரண்டு பேராகப் படுத்து, தோல் பட்டறையிலும் மில்லிலும் துறைமுகத்திலும் உழைத்தார்கள். இளமையெல்லாம் தனியாகவே கழிந்தது. எல்லோரும் தவறினார்கள் என்று சொல்லமாட்டேன். ஒருவரும் தவறவில்லை என்றும் சொல்லமாட்டேன். இந்தக் கிருமி ஒரு மனிதனுடைய உடம்பில் அறிகுறியே காட்டாமல் எட்டு, பத்து வருஷம்கூட இருக்கும். அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆகையால் இது சந்தேகப்படுகிற விஷயமாக இல்லாமல், சோதித்துப் பார்க்கிற விஷயமாக இருக்கட்டும். இருவரும் சேர்ந்து போய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

பின்னால் நிற்கிற ஐயாமார்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. 60 வயது ஆணுக்கு வீரியம் கூட மாத்திரை வேண்டும் என்றால், மருந்துக்கடையில் கூசாமல் கேட்டு வாங்குகிறீர்கள். அதே கடையில் அதே கண்ணாடி அலமாரியில்தான் உறையும் இருக்கிறது. மாத்திரைக்கு இல்லாத வெட்கம் உறைக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? (சிரிப்பு, கைதட்டல்)

'நான் சொன்னால் என் வீட்டுக்காரர் கேட்பாரா?' என்று சிலர் நினைப்பீர்கள். நேராகச் சொல்ல முடியாவிட்டால் எங்கள் மேலே பழியைப் போடுங்கள். 'எனக்கு அந்த இடத்தில் புண் ஆகிறது, நர்ஸ் அம்மா உறை போடச் சொன்னார்கள்' என்று சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இது இன்னும் எளிது. சர்க்கரைக்காரர்களுக்குப் புண் ஆறாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிச் சொன்னால் அடிக்கிறவரும் இருக்கிறார். எனக்குத் தெரியும். அந்தப் பெண்கள் தனியாக என்னிடமோ மகளிர் பிரிவிலோ வந்து பேசுங்கள். குறைந்தபட்சம் சோதனையாவது செய்துகொள்ளுங்கள். அதற்குக் கணவருடைய அனுமதி தேவையில்லை.

கணவரை இழந்தவர்கள், பிரிந்து வாழ்கிறவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களில் யாருக்காவது ஒரு துணை இருக்கலாம். அது உங்கள் சொந்த வாழ்க்கை. அதைப் பற்றி நாக்கை நீட்டிப் பேசுகிற உரிமை இந்தச் சங்கத்தில் ஒருவருக்கும் கிடையாது. ஊருக்குப் பயந்து ஒளிக்கிற உறவிலேதான் பாதுகாப்பு குறைகிறது. ஒளிக்க வேண்டியிருந்தாலும் உறையை மறக்காதீர்கள்.

உபயோகிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். உறையின் பாக்கெட்டில் தேதி போட்டிருக்கும். தேதி தாண்டியதை எறிந்துவிடுங்கள். ஒன்றை ஒரு தடவைதான் உபயோகிக்க வேண்டும். ஈரப்பசை போதவில்லை என்று தேங்காய் எண்ணெய், வாஸலின் தடவுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதை உறையோடு சேர்க்கவே கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுக் கிழிந்துவிடும். மருந்துக்கடையில் தண்ணீரில் கரைகிற ஜெல்லி கிடைக்கிறது, அதைத் தடவலாம். பெண்களே அணிகிற உறையும் இருக்கிறது. விலை கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. நிரோத் அரசாங்க மையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.

தெரிந்துகொண்டால் என்ன ஆகும்?

'இருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கவலையிலேயே செத்துப்போவேனே, தெரியாமலே இருந்துவிடுகிறேன்' என்று ஒரு பாட்டி சொன்னார். 1995-இல் அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வாய் வந்திருக்காது. இன்றைக்குப் பதில் இருக்கிறது.

2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அரசாங்க மருத்துவமனைகளில் இதற்கு மருந்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். முதலில் தொடங்கிய எட்டு இடங்களில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று, இந்த மும்பையின் ஜே.ஜே. மருத்துவமனையும் ஒன்று. இன்று சயான், கே.இ.எம்., நாயர் மருத்துவமனைகளிலும் மையங்கள் உண்டு. முன்பு உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைகிற வரைக்கும் காத்திருந்துதான் மருந்து தொடங்குவார்கள். 2017 முதல் கிருமி இருப்பது தெரிந்ததும் தொடங்கிவிடுகிறார்கள். தவறாமல் தினமும் மாத்திரை சாப்பிட்டால், ரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைகிறது. அப்படிக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் மற்றவருக்குப் பரவுவதில்லை என்பது ஆராய்ச்சியில் நிரூபணமான உண்மை. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி தலைதூக்கும். அதனால் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நாம் சாப்பிடவில்லையா?

பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஊருக்குப் போகிறவர்கள் மாத்திரையை விட்டுவிடக் கூடாது. போவதற்கு முன்னாலேயே மையத்தில் சொல்லுங்கள். ஊரோடு போய்த் தங்குவதாக இருந்தால், மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டு மையத்தில் மருந்தைத் தொடரலாம்.

சோதனையும் இலவசம். தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று போர்டு போட்டிருக்குமே, அதே மையம் இங்கேயும் அரசாங்க, மாநகராட்சி மருத்துவமனைகளில் இருக்கிறது. கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவார்கள். கிருமி நுழைந்த முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாது. ஆகவே சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். விவரம் கேட்க 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது, பெயர் சொல்லவும் வேண்டாம்.

சட்டம் நம் பக்கம்

2017-இல் இதற்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அதன்படி உங்கள் சம்மதம் இல்லாமல் சோதனை செய்யக்கூடாது. முடிவை அக்கம்பக்கத்தாரிடமோ முதலாளியிடமோ சொல்லக்கூடாது. வேலையைக் காரணம் காட்டிச் சோதனை கேட்கக்கூடாது. வீட்டு வேலைக்குப் போகிற சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியம் செய்ய மறுக்கக்கூடாது. முக்கியமாக, 'உனக்கு அந்த நோய், நீ வெளியே போ' என்று பெற்ற பிள்ளையாக இருந்தாலும் குடியிருக்கிற வீட்டைவிட்டு விரட்ட முடியாது. அந்த வீட்டில் வசிக்கிற உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. வயதான பெண்ணுக்கு நோயைக் காட்டிலும் பெரிய பயம் தெருவில் நிற்க வேண்டிவருமோ என்பதுதான். அந்தப் பயத்துக்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

பேசிக் கலைந்துபோவதால் பயனில்லை. நான்கு காரியங்களை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று, நமது சங்கம் நடத்துகிற மருத்துவ முகாமில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும்போதே, விருப்பமுள்ள பெண்களுக்கு வயது பார்க்காமல் எச்.ஐ.வி. சோதனையும் செய்ய மாநகராட்சியைக் கேட்க வேண்டும்.

இரண்டு, நம்மவர்கள் அதிகமாக வாழும் பகுதிகளின் மையங்களில் தமிழ் தெரிந்த பெண் ஆலோசகர் வேண்டும் என்று மனுக் கொடுக்க வேண்டும். இந்தியில் சந்தையில் பேரம் பேசிவிடலாம். அடிவயிற்று வலியைச் சொல்லத் தாய்மொழி வேண்டும்.

மூன்று, அரசாங்கக் கணக்கெடுப்பில் 49 வயதோடு பெண்ணை நிறுத்துவதை மாற்றக் கோரிச் சங்கம் தீர்மானம் போட வேண்டும்.

நான்கு, மகளிர் பிரிவின் அலமாரியில் உறையும் ஜெல்லியும் வைக்க வேண்டும். எடுத்துப்போகிறவர்களின் பெயரைக் கேட்கக்கூடாது, எழுதவும் கூடாது.

முதல் காரியத்துக்குத் தீர்மானம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் சயான் மருத்துவமனை வாசலில் நிற்பேன். வருகிறவர்களைச் சோதனைக்கு அழைத்துப்போகிறேன். இந்தியோ மராட்டியோ பேச வேண்டிய இடத்தில் நான் பேசுகிறேன். எனக்கும் அன்றைக்குச் சோதனை செய்துகொள்ளப் போகிறேன்; முதல் ஊசி எனக்கே போடட்டும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று இப்போது சொல்ல வேண்டாம். வந்தால் போதும்.

(நீண்ட கைதட்டல்)